இரண்டாவது துப்பாக்கி

இரண்டாவது துப்பாக்கியையும் வைஸ் என்னும் இரும்புப் பிடியில் ஏற்றிச் சோதிக்கச் சொல்லி ஜேசுராஜிடம் யாரும் கேட்கவில்லை. புதுத் தோட்டாவை ஒன்றில் போட்டுப் பார்த்தால் போதும் என்றுதான் கிளப் செயலாளர் பட்டாபிராமன் சார் சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே கம்பெனியில் செய்து, ஒரே மரப்பெட்டியில் கப்பலேறி வந்து, அடுத்தடுத்த எண் தாங்கியவை. ஒன்றை ஜேசுராஜ் சுடுவார், மற்றதை டக்ளஸ் சுடுவான். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஜேசுராஜ் கிர்க்கி ராணுவத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் தலை நரைத்தவர். ஒரு பொருளை ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புவது அவர் கைக்குப் பழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து, விஷ்ராந்த்வாடி தாண்டிக் குன்றடியில் இருக்கும் கிளப் ரேஞ்சுக்கு சைக்கிளில் வந்து, தன் துப்பாக்கியில் சோதனையை முடித்த பிறகும் அவருக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. டக்ளஸின் துப்பாக்கியை எடுத்து, அதன் கட்டையைக் கம்பளித் துணியில் சுற்றி, மேஜையில் பொருத்தியிருந்த வைஸின் தாடைக்குள் வைத்து இறுக்கினார்.

வைஸில் கட்டிய துப்பாக்கிக்கு மனுஷன் வேண்டாம். மூச்சு வாங்காது, கை நடுங்காது. அதன் குழலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே உள்ள விஷயம் மட்டும்தான் அட்டையில் விழும். அந்த வருடம் வெளிநாட்டுத் தோட்டா வந்ததே கொஞ்சம். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பச்சை டப்பா. ஆனால் டப்பாவின் ஓரத்தில், எந்தத் தடவை செய்தது என்று காட்டும் லாட் எண் வேறு வேறு. மருந்தில் ஒரு மயிரிழை, ஈயத்தில் ஒரு மயிரிழை, மேலே பூசிய மெழுகில் ஒரு மயிரிழை மாறினாலும் ஐம்பது மீட்டருக்கு அப்பால் அது விரலகலம் ஆகிவிடும். அதுவும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுபோல் ஆகாது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று பாலைக் கேட்டு அழும், இன்னொன்று பால் வாசனைக்கே ஓங்கரிக்கும் இல்லையா, அப்படித்தான்.

அவருடைய துப்பாக்கியில் ஏழாம் லாட்டின் துளைகள் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் அடங்கின. ஒன்பதாம் லாட் எட்டணாக் காசுக்கு வெளியே வழிந்தது. மூன்றாவதாக வந்த லாட் எதற்கும் ஆகாது. பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். டக்ளஸின் துப்பாக்கியில் ஏழாம் லாட்டைப் போட்டதும் அட்டையில் கோழி கிளறிய மாதிரி துளைகள் சிதறின. வைஸ் நழுவிவிட்டதோ என்று இறுக்கிவிட்டு மறுபடியும் சுட்டார். அதே சிதறல். பிறகு குழலைத் துடைத்துவிட்டு ஒன்பதைப் போட்டார். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டார். முதல் துளைக்குள்ளேயே இரண்டாவது போயிற்று. மூன்றாவதும் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு துளை, ஓரம் கொஞ்சம் கிழிந்து நின்றது. இத்தனை வருடத்தில் குண்டுகள் அப்படி ஒன்றாகக் கூடி விழுந்த ஒரு குரூப்பை அவர் பார்த்ததில்லை.

வேறொரு நாளாக இருந்திருந்தால் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர் மனதில் வந்தது இரண்டே வார்த்தைகள்: இதுவும் அவனுக்குத்தானா.

டக்ளஸ் அவருக்குச் சகலை. மனைவி பாக்கியவதியின் தங்கை எல்சியைக் கட்டியவன். திருச்சித் தொழிற்சாலையிலிருந்து மாற்றலாகி, குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரைக்கும் இவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார்கள். வந்த இரண்டாவது வாரம் ஜேசுராஜ்தான் பொழுது போகட்டும் என்று அவனை ரேஞ்சுக்கு அழைத்து வந்தார். குப்புறப் படுத்துச் சுடுவதில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கேம்ப் தையல்காரரிடம் கான்வாஸ் கோட்டு தைத்து, முழங்கையில் சைக்கிள் டியூப் ஒட்டி, துப்பாக்கிக் கட்டைக்கு அடியில் தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தும் எடுத்தும், கை வாரில் எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. கண்ணை மூடிப் படுத்து, மூச்சு விட்டு, கண்ணைத் திறந்தால் துப்பாக்கி தானாகவே குறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தசையால் அதைத் திருப்பக் கூடாது. அதற்கு இடுப்பை எத்தனை விரல் நகர்த்துவது என்பது அவருக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். டக்ளஸ் நூல் பிரிந்த ஸ்வெட்டரோடு, வாயில் ஆரஞ்சு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அதே பாயில் படுத்தான். "எங்கன பாத்து சுடணும் அண்ணாச்சி, அந்தக் கறுப்புப் பொட்டையா?" என்று கேட்டான். ஒரு வருடத்தில் அவன் அவரை எட்டிப் பிடித்துவிட்டான். போன மழைக்குப் பிறகு தாண்டியும் விட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் டக்ளஸ், சபையில் அறிவிப்பு வாசிக்கும் கமிட்டி மெம்பர் மாதிரி மூக்கால் பேசிக் காட்டினான். பாக்கியவதி சுவரில் கை ஊன்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறதென்று கட்டிய புருஷனுக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து ஜேசுராஜுக்குச் சோறு இறங்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

ஒவ்வொரு வருடமும் எல்லாத் தொழிற்சாலைகளுக்குமான போட்டி நடக்கும். படுத்துச் சுடும் பிரிவுக்கு இங்கிருந்து ஒரே ஒரு ஆள்தான் போகலாம். இதுவரை அந்த ஒரு ஆள் ஜேசுராஜாக இருந்தார். ரயிலடிக்குப் பரிசோதனைப் பிரிவு ஆட்கள் மாலையோடு வருவார்கள். இந்த வருடம் யார் என்பது சனிக்கிழமைத் தேர்வில் தெரிந்துவிடும்.

டக்ளஸின் துப்பாக்கியில் சுட்ட அட்டைகளை ஜேசுராஜ் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். போடும்போது மனதில் தீர்மானம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டாபிராமன் சார் தன் அறையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "என்ன வோய், எது தேறித்து?"

"ஏழு சார். என் துப்பாக்கியில அருமையா விழுது."

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஆனா அது ஒருத்தருக்குத்தானே காணும்? நீர் சீனியர். நீரே வச்சுக்கும்."

இந்த இடத்தில் ஜேசுராஜுக்கே எதிர்பாராத மாதிரி வாய் முந்திக்கொண்டது. "இல்ல சார். டக்ளசுக்குக் கொடுத்திருங்க. வளர்ற பையன். நான் ஒம்பதுல சமாளிச்சுக்கிடுதேன்."

பட்டாபிராமன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "ஜேசுராஜ், கூடப் பொறந்தவன் செய்யமாட்டான் இதை. உம்ம மாதிரி மனுஷா இருக்கறதாலதான் வோய் மழை பெய்யறது."

வீட்டுக்கு சைக்கிளில் போகும்போது தான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும், வேலையில் ஒவ்வொரு உருப்படியையும் அளவு பார்க்கும் கேஜில் விட்டுப் பார்ப்பதுபோல எடுத்துப் பார்த்தார். ஏழு அருமையாக விழுகிறது. உண்மை. டக்ளஸ் வளர்கிற பையன். உண்மை. ஒன்பதில் தான் சமாளிக்க வேண்டும். அதுவும் உண்மை. ஒன்றில்கூடப் பொய் இல்லை. எல்லாம் கேஜில் சரியாக நுழைந்து வெளியே வந்தன. பிறகு ஏன் பெடல் இத்தனை கனக்கிறது என்றுதான் தெரியவில்லை.

செய்தி அவருக்கு முன்பே குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாக்கியவதி வாசலிலேயே நின்றாள். சைக்கிளை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தாள். கலியாணம் ஆன புதிதில் செய்தது அது. அன்று ராச்சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முன்னறையில் பாய் விரித்து, சபையின் நாலைந்து குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொருவராக ஜெபித்து வரும்போது எல்சியின் முறை வந்தது. அவள் பெரிதாக ஜெபிக்கிறவள் அல்ல. அன்றைக்கு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, தழுதழுத்த குரலில் சொன்னாள்: "ஆண்டவரே, நாங்க இந்த ஊருக்கு ஒண்ணுமில்லாம வந்தோம். இருக்க இடம் தந்தாவ. இப்பம் தனக்குள்ளதையும் எடுத்து எங்களுக்குத் தந்திருக்காவ. அத்தானோட பெரிய மனசுக்காக உமக்கு ஸ்தோத்திரம் அப்பா." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜேசுராஜின் உதடும் அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறருக்காக வாங்கிய துணியைத் தனக்குப் போர்த்தி அழகு பார்க்கிறார்கள் என்பது போல உடம்பெல்லாம் கூசியது.

கூட்டம் முடிந்து சுக்குக் காப்பி குடிக்கையில் டக்ளஸ் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி, அந்த ஏழாம் நம்பர் டப்பாவ நான் தொறக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. ஒரு குண்டுகூட வீணாக்கக் கூடாதுன்னு வாட்ச்மேன் காசிம் பாய்கிட்ட சொல்லி கிளப் பீரோவுல தனியாப் பூட்டி வச்சிருக்கேன். எல்சி கலியாணச் சேலையக்கூட நான் இம்புட்டு பத்திரமா வச்சதில்ல."

"ஆமா, வச்சாவ," என்றாள் எல்சி உள்ளேயிருந்து. "அத எலி கடிச்சிட்டுல்லா."

எல்லாரும் சிரித்தார்கள். திறந்து ஒரு தடவை சுட்டுப் பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். அவர்மேல் வைத்த மரியாதைதான் அவனைத் திறக்கவிடவில்லை. ஜேசுராஜ் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றார். சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். ஆனால் உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் பாக்கியவதியின் குரல்தான் உயரமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் ரேஞ்சின் மேல் பனி படுத்திருந்தது. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பார்வை பிடிக்க, புள்ளிக் கணக்கில் சேராமல் கொஞ்சம் தோட்டா சுட்டுக்கொள்ளலாம். பேருக்கு இன்னும் சிலர் வந்திருந்தாலும் பந்தயம் இந்த இருவருக்கும்தான் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் சுற்றை இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் சுட்டார்கள். டக்ளஸ் டப்பாவைத் திறக்கும் முன்பு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தன் டெலஸ்கோப்பை அடுத்தவன் அட்டைப் பக்கம் திருப்புவது ஒழுங்கில்லை. ஜேசுராஜ் திருப்பினார். அட்டையைக் கடிகார முகமாக வைத்தால் ஏழு மணிக் கோட்டில் ஒரு துளை. இரண்டு மணிக் கோட்டில் ஒன்று. பிறகு எங்கேயோ மேலே. அந்தச் சிதறலைப் பார்த்தபோது நாக்கின் அடியில் தித்திப்பு ஊறியது. நடந்ததை மறைக்காமல் சொல்வதென்றால் அப்படித்தான் இருந்தது. அந்தத் தித்திப்போடு திரும்பித் தன் அட்டையைப் பார்த்தார். அதுவும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. ஒன்பதாம் லாட் அவர் குழலில் எப்போதும் போல வழிந்துகொண்டிருந்தது. நன்றாக விட்ட குண்டு ஒன்பது புள்ளி வளையத்துக்குப் போயிற்று, சுமாராக விட்டது எட்டுக்குப் போயிற்று. ஏழாம் லாட் மட்டும் தன் பாயில் இருந்திருந்தால் இந்தப் பனியிலும் பொத்தானுக்குள் அடக்கியிருக்கலாம். அவன் நன்றாகச் சுடக் கூடாது என்பதற்காகத் தான் மோசமாகச் சுடவும் சம்மதித்துப் படுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் முன்னால் இருந்தார். அது போதும் என்று அடுத்த தோட்டாவை எடுத்தார்.

இரண்டாவது சுற்றில் டக்ளஸ் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தான். வாரை ஒரு ஓட்டை இறுக்கினான். பிறகு இரண்டு ஓட்டை தளர்த்தினான். பாயை இடதுபக்கம் நகர்த்தினான். கட்டையின் தட்டை இறக்கினான். சைட்டை இந்தப் பக்கம் திருகி, மறுபடி அந்தப் பக்கம் திருகினான். கெட்டது தோட்டா என்று தெரியாத மனுஷன் உடம்பைத்தான் சந்தேகிப்பான். கண்ணைத் துடைத்துத் துடைத்து அது சிவந்து போயிற்று. சுற்று முடிந்தபோது ஜேசுராஜ் பத்துப் புள்ளிக்கு மேல் முந்தியிருந்தார். பட்டாபிராமன் புள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டு, "என்னடா ஆச்சு இந்தப் பிள்ளைக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே டீக்காரரைத் தேடிப் போனார்.

இடைவேளையில் அக்காவும் தங்கையும் ரிக்ஷாவில் இட்லி கொண்டு வந்திருந்தார்கள். எல்சி புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு இட்லியை எடுத்து வைத்தாள். தட்டில் வைத்ததை அவன் தொடவில்லை.

"நாலு இட்லியாவது தின்னுங்க தம்பி," என்றாள் பாக்கியவதி.

"குண்டு புள்ளியெல்லாம் தின்னுட்டுப் போச்சு, நான் என்னத்தத் திங்க மயினி," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. ஜேசுராஜின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணாச்சி, உள்ளதுல நல்ல டப்பாவ எனக்குத் தந்திய. நான் பாழாக்கிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

"அப்படியெல்லாம் சொல்லாத," என்றார் ஜேசுராஜ். கை கழுவ எழுந்து குழாயடிக்குப் போனார். கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது பனி விலகி, வெயில் கூரையின் ஓட்டை வழியாக அவர் பாயின் மேல் நேராக விழ ஆரம்பித்திருந்தது. டக்ளஸ் அங்கே முழங்காலிட்டிருந்தான். தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அவருடைய பாய்க்கு மேலே இருந்த கம்பியில் தொங்கவிட்டு நிழல் கட்டிக்கொண்டிருந்தான். திறந்து கிடந்த அவருடைய தோட்டா டப்பாவை அந்த நிழலுக்குள் தள்ளி வைத்திருந்தான்.

"வெயில் டப்பாமேல அடிச்சுது அண்ணாச்சி. சூடாச்சுன்னா குண்டு மேல ஏறும்லா." காற்றில் ஆடாமல் ஸ்வெட்டரின் கைகளைக் கம்பியில் முடிந்தான். "எனக்குத்தான் போச்சு. நீங்களாவது ஒண்ணும் குறையாம போவணும்."

ஸ்வெட்டர் இல்லாமல் அவன் முழங்கை இரண்டும் பாயில் உராய்ந்து சிவந்திருந்தது தெரிந்தது. ஜேசுராஜ் அந்த முழங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லது செய்கிறவனுக்குத் தான் செய்வது தெரிவதில்லை. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது போய் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்துவிடுகிறது. நாலு எட்டில் பாக்கியவதி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டாபிராமன் டீயோடு வந்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் கேட்கும். கேட்கட்டும் என்று நினைக்க வரவில்லை. கேட்காமல் சொல்ல வழி இருக்கிறதா என்றுதான் மனம் தேடியது. ஆண்டவரே என்றார் உள்ளுக்குள். அதற்கு மேல் ஜெபிக்கத் தெரியவில்லை.

குனிந்து, நிழலில் இருந்த தன் டப்பாவை எடுத்து டக்ளஸின் கையில் வைத்தார்.

"இத நீ போடு. ஒன் துப்பாக்கிக்கு ஒம்பதுதான் சேரும். ஏழு சேராது."

"யாருக்குத் தெரியும் அண்ணாச்சி, போட்டுப் பாத்தாத்தானே..."

"போட்டுப் பாத்தேன்."

டக்ளஸ் புரியாமல் நிமிர்ந்தான். முகத்தில் அந்த மாறாத சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. "எப்பம்?"

"செவ்வாக்கிழமை. ரெண்டு துப்பாக்கியிலயும் போட்டுப் பாத்தேன். தெரிஞ்சுதான் ஒனக்கு ஏழக் கொடுத்தேன்."

பாக்கியவதியின் விரல்கள் பழத்தோலில் நின்றுவிட்டன. பட்டாபிராமன் டீக் கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். எல்சி மெதுவாக எழுந்து, தூக்குச்சட்டிகளை அடுக்கி, வாசல் பக்கமாக நடந்தாள். வேப்பமரத்தடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க," என்றாள் பாக்கியவதி.

டக்ளஸ் கையிலிருந்த டப்பாவைத் திருப்பி, ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தான். பிறகு தன் பாயருகே இருந்த ஏழாம் லாட்டைப் பார்த்தான். அவனும் இந்தத் தொழிலில் இருக்கிறவன்தான். ஒரு நொடியில் எல்லாம் விளங்கியிருக்கும். "அப்பம் நீங்களும் சேராத குண்டையே..." என்று ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றுக்கு விசில் ஊதினார்கள். இந்தத் தடவை ஒருவர் பின் ஒருவராகச் சுட வேண்டும், முதலில் டக்ளஸ். அவன் ஒன்பதாம் லாட் டப்பாவோடு போய்ப் படுத்தான்.

ஜேசுராஜுக்கு அங்கே வேலை இல்லை. தன் முறை வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பாயின் வலதுபக்கம் வெறுந்தரையில் படுத்தார். சரளைக்கல் கான்வாஸைத் தாண்டி வயிற்றில் குத்தியது.

"மொதல்ல கொஞ்சம் ஓடும்," என்றார், கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல். "குழலுக்குள்ள பழைய மெழுகு இருக்கு. அது போறவரைக்கும் சைட்டத் தொடாத. வாரு பழைய ஓட்டையிலயே இருக்கட்டும்."

பார்வைக் குண்டு வெடித்தது.

"எட்டு. வலது."

மறுபடி.

"எட்டு. மேல. தொடாத."

மூன்றாவதற்கு அவன் மூச்சு விட்டு, நிறுத்தி, வெகுநேரம் வைத்திருந்தான். அந்தச் சத்தம் ரேஞ்சைக் கடந்து குன்றில் பட்டுத் திரும்பி வந்தது. ஜேசுராஜ் லென்ஸில் பார்த்தார். வெயிலில் காற்று நெளிந்துகொண்டிருந்ததால் அட்டை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அலைந்தது.

"ஒம்பது," என்றார். "கோட்டுமேல. உள்ள வருது."

டக்ளஸ் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வலது கை மட்டும் துப்பாக்கியிலிருந்து பிரிந்து, பக்கவாட்டில் தரையோடு நீண்டு, உள்ளங்கையைத் திறந்துகொண்டு நின்றது. அதில் கம்பளி நூல் ஒன்று ஒட்டியிருந்தது. ஜேசுராஜ் டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, ஈயத்தில் விரல் படாமல் பித்தளையைப் பிடித்து, அந்தக் கையில் வைத்தார். கை உடனே மூடவில்லை. வெயில் அந்தச் சின்னப் பித்தளையில் பட்டு, விரல்களின் நிழல் மண்ணில் விழுந்து கிடந்தது.